மஞ்சள் செடித் தாவி

அக்டோபர் 4

பொங்கல் பானையில் கட்ட மஞ்சள் கொத்து வேண்டும் என்று, போன விடுமுறையில் பாளையங்கோட்டையிலிருந்து கிழங்கைப் பாவாடைக்குள் சுற்றி, விமான நிலையத்தில் முகத்தைப் பாவம்போல் வைத்துக்கொண்டு கடத்தி வந்தேன். இந்த மேற்குக் கென்யாவில் அது என் நாத்தனார் மாதிரி வளர்ந்து நிற்கிறது. யார் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் ஊட்டத்துக்குக் குறைவில்லை.

சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் எங்கள் வீடு கடைசி. கொல்லை வேலிக்கு அப்பால் காடு. சாயங்காலம் களை பறித்துக்கொண்டிருந்தபோது காட்டுப் பக்கமிருந்து தடித்த உடம்போடு ஒரு பழுப்புப் பூச்சி விருட்டென்று வந்தது. வண்ணத்துப்பூச்சிதான். ஆனால் ஆடி அசைந்து பறக்காமல் எறிந்த கல்லைப் போலத் தாவித் தாவிப் போகிற குடும்பம். ஆங்கிலத்தில் ஸ்கிப்பர், நான் தாவி என்பேன். முன்சிறகில் கண்ணாடிச் சில்லு போல வெள்ளைப் புள்ளிகள், கண் இரண்டும் செக்கச் சிவப்பு. மஞ்சள் இலையின் அடியில் வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைத்தது. பக்கத்து இலையில் இன்னொன்று. இப்படி ஆறு.

பறித்த களையை அப்படியே போட்டுவிட்டேன். தாவிகளைப் பற்றித்தான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். இரண்டாம் வருஷம் கல்யாணம். அதோடு சரி.

ஐந்து முட்டைகளை இலையோடு கத்தரித்து, ஆளுக்கொரு ஊறுகாய் பாட்டிலில் வைத்து, வாயைத் துணியால் கட்டினேன். ஒன்றைச் செடியிலேயே விட்டேன். வெளிக்காற்றில் வளர்வதற்கும் வீட்டுக்குள் வளர்வதற்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும் அல்லவா.

ராத்திரிக்கு உப்புமா. அவர் முகம் சுளித்தார்.

அக்டோபர் 6

படங்களை நைரோபிக்கு டாக்டர் அச்சியெங்குக்கு அனுப்பியிருந்தேன். வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியாளர். போன வருஷம் காட்டுக்கு வந்தபோது ஆலை வாசலில் வண்டி மக்கர் செய்து, எங்கள் வீட்டில் இரண்டு டம்ளர் காபி குடித்தவள். இன்று அவளே போனில் கூப்பிட்டாள்.

“வடிவு, இதே மாதிரி மூன்று இனம் இருக்கிறது. சிறகைப் பார்த்து நானே சொல்ல மாட்டேன். ஆணின் வயிற்று நுனியை அறுத்து, உள்ளே இருக்கும் கொக்கியைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். ஆனால் அது இருக்கட்டும். மூன்றில் எதனுடைய புழுவையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. என்ன தின்கிறது என்றே தெரியாது. உன் வீட்டு மஞ்சளைத் தின்றால், உலகத்தில் முதலில் பார்ப்பவள் நீ.”

பிறகு இன்னொன்றும் சொன்னாள். ஜனவரியில் அவளுடைய திட்டத்தில் ஆறு மாத வேலை ஒன்று காலியாகிறது. முட்டை முதல் சிறகு வரை வளர்த்து, இனத்தையும் உறுதி செய்து நான் கட்டுரையாகக் கொடுத்தால், அந்த இடம் எனக்கு. படிப்பை எங்கே விட்டேன் என்று அவள் கேட்கவே இல்லை.

அக்டோபர் 7

சாப்பிடும்போது சொன்னேன். என் வீட்டுக்காரர் கைலாசம் ஆலையின் தலைமைக் கெமிஸ்ட். எனக்குச் சொந்த அத்தை மகன். என்னை எனக்குத் தெரிவதற்கு முன்பிருந்தே அவருக்குத் தெரியும்.

“நைரோபியா? எனக்கு யாரு சோறு பொங்குவா?”

“ஆறு மாசந்தானே அத்தான்.”

“ஏட்டி, நீ இதுவரைக்கும் எதையாவது முடிச்சிருக்கியா? படிப்பு பாதி. தையல் பாதி. அந்த சுவாஹிலி கிளாஸ் பாதி.” ரசத்தை ஊற்றிக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அதையும் எழுதிவிட வேண்டும். “சரி, இத முடி பாப்போம். முட்டையில இருந்து பூச்சி வரைக்கும் வளத்து எங் கண்ணுல காட்டு. நானே ஒன்ன பஸ் ஏத்தி விடுதேன்.”

படிப்பு பாதியில் நின்றது ஏன் என்பது அவருக்கு மறந்துவிட்டது போல. தையல் மெஷினை விற்றது யார் என்பதும்.

அக்டோபர் 11

ஐந்தும் பொரித்துவிட்டன. முதல் வேலையாக முட்டையின் ஓட்டைத் தின்றன. அடுத்த வேலையாக இலை ஓரத்தை இரண்டு இடத்தில் வெட்டி, மடித்து, நூலால் தைத்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன. பிறந்த அன்றே சொந்த வீடு.

மஞ்சளைத் தின்கின்றன! அச்சியெங்குக்கு அனுப்பினேன். பதிலுக்குப் பத்து ஆச்சரியக்குறி.

குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை.

அக்டோபர் 13

சிற்றெறும்பு ஒரு பாட்டிலின் துணியைக் கடிக்க ஆரம்பித்திருந்தது. நல்லவேளையாகப் பார்த்தேன். மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன், அம்மா மீதத் தோசை மாவுக்குச் செய்வதுபோல. கடல் தாண்டி ஓர் எறும்பும் வராது.

அக்டோபர் 19

வீட்டில் இன்று பெரிய ரகளை. அவர் மீன் தொட்டி வைத்திருக்கிறார், முன் அறையில். பக்கத்து நகரமான கிசுமுவிலிருந்து வாங்கிவந்த தங்க மீன்கள். மகள் தாரிணி கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்த பிறகு அந்த மீன்களோடுதான் அவர் கொஞ்சுகிறார். வேலைக்கு வரும் நெகேசா, தொட்டி மேசையில் எறும்பு ஊர்கிறது என்று, நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் எறும்பு சாக்பீஸை எடுத்துத் தொட்டியைச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டாள்.

அவர் கத்திய கத்தில் பாவம் அவள் துணியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். பிறகு என்னிடம் பாடம்:

“இது எறும்புக்கு மட்டும் வெசம்னு நெனச்சியா? இதுல இருக்க மருந்து பூச்சி நரம்பு, மீன் நரம்பு எல்லாத்தையும் ஒண்ணாப் பிடிச்சு இழுத்துரும். தூசி பட்டாப் போதும் கேட்டியா. இந்தத் தொட்டிப் பக்கம் யாரும் இத எடுத்துட்டு வரப்படாது.”

மேசையை அவரே மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தார். சாக்பீஸை ஸ்டோர் அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். எனக்கு எட்டாத தட்டு. கெமிஸ்ட் என்றால் கெமிஸ்ட்தான், எல்லாம் தெரிந்துவைத்திருக்கிறார்.

அக்டோபர் 28

புழுக்கள் விரல் நீளம் ஆகிவிட்டன. உடம்பு வெளிறிய பச்சை, தலை மட்டும் பெரிதாகக் கறுத்து, நெற்றியில் இரண்டு வெள்ளைக் கோடு. எங்கள் வீட்டு ஆண்கள் திருநீறு பூசியது போல. இந்தக் கோடுதான் முக்கியம். ஒவ்வொரு தோல் உரித்த பிறகும் தலையைப் படம் எடுத்து வைக்கிறேன்.

கழிவை வீட்டுக்குள் போடுவதில்லை. பின்பக்கத்தால் சுண்டி அரை முழம் தூரம் எறிகின்றன. குளவி வாசனை பிடித்து வந்துவிடுமாம், அதற்காக. எதிரி எதைப் பிடித்துக்கொண்டு வருவான் என்று அந்தப் புழுவுக்குத் தெரிந்திருக்கிறது.

செடியில் விட்ட ஆறாவது புழு பின்தங்கியிருக்கிறது. வெளியே ராத்திரிக் குளிர் அதிகம். பறவை கொத்தாமல் இருக்க அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து உறை தைத்து, இலையோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். கையால்தான் தைத்தேன்.

நவம்பர் 3

அவருடைய அலுவலகத்துக்காரர்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தார்கள். சொதி வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவர் எல்லோரையும் பின் அறைக்கு அழைத்துப்போய் பாட்டில்களைக் காட்டினார். “எல்லார் வீட்லயும் கோழி வளப்பாங்க. எங்க வீட்ல புழு. அது பூச்சியாச்சுன்னா இவள நைரோபிக்கு நானே பஸ் ஏத்தி விடுதேன்னு சொல்லியிருக்கேன்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைத் தனியாகப் பார்த்து ஒரு அம்மா, “பொழுது போகலைன்னா எங்ககூட பஜனைக்கு வாங்களேன்” என்றார்.

நவம்பர் 9

காலையில் ஒரு புழுவின் அடிவயிற்றில் வெள்ளையாகத் தூள் கண்டிருக்கிறது. மெழுகு. கூட்டுப்புழு ஆவதற்கு முன்னால் இப்படி மெழுகு சுரந்து வீட்டுக்குள் பூசிக்கொள்ளும், ஈரம் ஏறாமல் இருக்க. இனி தின்னாது. இடம் தேடி நாலைந்து நாள் மேலும் கீழும் அலைந்து, ஓரிடத்தில் தன்னைக் கட்டிக்கொள்ளும். மற்ற நான்கும் இந்த வாரத்துக்குள் வந்துவிடும்.

மத்தியானம் அச்சியெங் பேசினாள். வேலைக்கு என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாளாம். தங்க அறையும் பார்த்துவிட்டாள், ஜன்னல் இருக்கிறதாம்.

ராத்திரி அவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“அப்ப நெசமாவே போவியா?”

“நீங்கதானே பஸ் ஏத்தி விடுதேன்னு சொன்னீங்க.”

கை கழுவிவிட்டு வெகு நேரம் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 10

இன்றும் பேசவில்லை. வேலை அழுத்தமாக இருக்கும்.

நவம்பர் 14

எழுத வேண்டும். எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை. மற்ற வீட்டுப் பெண்களோடு கிசுமுவுக்கு மளிகை வாங்கப் போனேன். போகச் சொன்னதே அவர்தான். “போய்ட்டு வா, நாலு எடம் பாத்தாத்தான் மனசு நல்லாருக்கும்” என்று கையில் பணமும் கொடுத்தார். சாயங்காலம் பருப்பு மூட்டையோடு திரும்பினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் பின் அறைக்குப் போனேன்.

ஐந்தும் பாட்டிலின் அடியில் கிடந்தன. இரண்டு சுருண்டு கறுத்துவிட்டன. மூன்று இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சையாகத் தண்ணீர். மேசை மேல் பாட்டில்களைச் சுற்றி வெள்ளைக் கோடு. ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் கோடு. துணியை அவிழ்த்தால், துணியின் உள்பக்கத்தில் ஒரு கோடு.

அவர் வாசலில் வந்து நின்றார்.

“என்ன வடிவு?”

கோட்டைக் காட்டினேன்.

“எறும்பு வரும்லா, அதுக்குத்தான் போட்டேன். ஒனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு.” குனிந்து பார்த்தார். “அடப்பாவமே. செத்துட்டா?”

தரையில் உட்கார்ந்து அழுதேன். என் மாமியார் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். கையில் சாக்பீஸ் வாசனை இருந்தது.

அவருக்குத் தெரியாது. என் வேலையில் இத்தனை வருஷத்தில் முதன்முறையாக உதவி செய்ய நினைத்திருக்கிறார், பாவம். அவசரத்தில் உள்பக்கமும் பட்டிருக்கும்.

நவம்பர் 15

மேசைக் கால் கிண்ணங்களை எடுத்துக் கழுவினேன். நான்கிலும் தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. ஓர் எறும்புகூட அதில் மிதக்கவில்லை.

தாரிணி போன் செய்தாள். அழக்கூடாது என்றுதான் பேச ஆரம்பித்தேன்.

“அம்மா, அப்பா கெமிஸ்ட்டும்மா.”

“அதுக்கு?”

“மீன் தொட்டிகிட்ட அத போட்டதுக்கு அன்னிக்கு அப்படிக் கத்துனாங்கன்னு நீதானே சொன்ன?”

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

நவம்பர் 16

அச்சியெங்கிடம் எறும்பு தின்றுவிட்டது என்றேன். “ஒன்றுகூட மிச்சமில்லையா?” என்றாள். செடியில் ஒன்று இருப்பதைச் சொன்னேன். குரலைத் தணித்துக்கொண்டுதான் சொன்னேன், ஏன் என்று தெரியவில்லை. அவர் அப்போது ஆலையில் இருந்தார்.

அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவருக்குத்தான் பூச்சியில் ஆர்வமே கிடையாதே.

நவம்பர் 20

இத்தனை வருஷத்தில் பார்க்காத அன்பு. ஆலை வாசலில் சுட்ட சோளக்கதிர் வாங்கி வருகிறார். உப்புமாவை ருசி என்கிறார். நேற்று ராத்திரி தாமே சொன்னார்: “விடு வடிவு. நமக்கு என்னத்துக்கு இதெல்லாம். தையல் மெஷின் ஒண்ணு வாங்கித் தாரேன்.”

சரி என்றேன்.

நவம்பர் 22

வேட்டி உறைக்குள் இலைச்சுருள் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டுவிட்டது. ஓரத்தில் வெள்ளைத் தூள். துணி காயப்போடுகிற சாக்கில் பார்த்தேன். இப்போதெல்லாம் தினமும் துவைக்கிறேன். நெகேசா தன் வேலையை நான் பிடுங்குகிறேன் என்று கோபமாக இருக்கிறாள்.

நவம்பர் 29

முக்காலி போட்டு ஏறிப் பார்த்தேன், ஸ்டோர் அலமாரியின் மேல் தட்டில் சாக்பீஸ் இல்லை. அவருடைய சட்டைப் பையில் இருந்தது, துவைக்கப் போடும்போது கிடைத்தது. பாதி தேய்ந்திருக்கிறது. எடுத்து என் பெட்டியில் வைத்தேன். சின்னக் குழந்தைகள் இல்லாத வீடுதான், இருந்தாலும் விஷத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

டிசம்பர் 1

மழை. கூட்டுப்புழுவுக்குள்ளிருந்து குளவி வந்தாலும் வரும், பூஞ்சை பிடித்தாலும் பிடிக்கும். நான் பூஜை அறையில் நின்று புழுவுக்காக வேண்டிக்கொண்டேன். பிள்ளையாருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

டிசம்பர் 6

விடிந்தும் விடியாமலும் போனேன். வேட்டித் துணிக்குள் சிவப்பாக இரண்டு கண்.

சிறகு இன்னும் ஈரமாகத் தொங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பழுப்பு, அதில் அதே கண்ணாடிப் புள்ளிகள். ஈரம் காயும் வரை மழைச் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். வயிற்று நுனியைப் பார்த்தேன். ஆண்.

ஆண்தான் வேண்டும் என்று இத்தனை நாள் வேண்டினேன். வந்த பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. பெண்ணாக இருந்திருந்தால் அறுத்துப் பயனில்லை என்று பறக்க விட்டிருப்பேனோ என்னவோ. பூச்சியின் நெஞ்சை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து ஒரு அழுத்து அழுத்த வேண்டும். கல்லூரியில் எத்தனையோ முறை செய்ததுதான். காட்டுக்கு இன்னும் ஒருமுறைகூடப் பறந்திராத பூச்சி. அழுத்தினேன். கால்கள் என் விரலைப் பிடித்துப் பார்த்தன, பிறகு விட்டுவிட்டன. அப்போது எனக்கு அழுகை வரவில்லை. தோசை வார்க்கும்போது வந்தது.

அவர் காலை ஆகாரத்துக்கு உட்கார்ந்தார். இலைச்சுருளையும், காலிக் கூட்டையும், பூச்சியையும் வெள்ளைத் தட்டில் வைத்து அவர் முன்னால் வைத்தேன்.

“முட்டையில இருந்து பூச்சி வரைக்கும். பஸ் எத்தன மணிக்கு அத்தான்?”

அவர் முகம் வெளுத்தது. எப்படி என்று கேட்கவில்லை. பிழைத்ததா என்று ஆச்சரியப்படவில்லை.

“இத எங்க வச்சிருந்த?” என்றார்.

“உங்க பழைய வேட்டிக்குள்ள.”

தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

டிசம்பர் 8

வேலை ஜனவரியில்தான், அதற்குள் இனத்தை உறுதி செய்து கட்டுரை எழுத வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். ஊரே பார்க்க அவர் பஸ் நிலையம் வரை பெட்டியைத் தூக்கி வந்தார். விருந்து அன்று இதைப் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருந்தாரே, வேறு வழியில்லை. “நல்லபடியா போய்ட்டு வா” என்றார். “வேளைக்குச் சாப்பிடுங்க” என்றேன்.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டைப் பெருக்கினேன், சாமிக்கு விளக்கேற்றினேன். பெட்டியிலிருந்த சாக்பீஸை எடுத்து, மீன் தொட்டியின் கண்ணாடி மூடி மேல், நடுவில் வைத்தேன். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயைக் கட்டித்தான் வைத்தேன்.

டிசம்பர் 11, நைரோபி

அச்சியெங் வயிற்று நுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்துச் சதையைக் கரைத்தாள். மிஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்து என்னை முதலில் பார்க்கச் சொன்னாள். வளைந்த கொக்கி, நுனியில் இரட்டைப் பல். படங்களோடு ஒப்பிட்டோம். மூன்றில் மிகச் சாதாரணமான இனம் அது. எவனோ வெளிநாட்டுக்காரன் எப்போதோ பிடித்துக் குண்டூசி குத்திப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

“ஏமாற்றமா?” என்றாள்.

“இல்லை” என்றேன். கொஞ்சம் இருந்தது.

“செத்த பூச்சிக்குப் பெயர் வைத்தார்கள். எதைத் தின்றது, எப்படி வீடு கட்டியது, எத்தனை தோல் உரித்தது, எதுவும் யாருக்கும் தெரியாது. அதை நீ எழுது. ஐந்து ஏன் செத்தன என்றும் எழுது. எறும்பு என்றால் எறும்பு என்று.”

அந்த வரியை மட்டும் இன்னும் எழுதவில்லை. இரண்டு முறை ‘எறும்பு’ என்று எழுதி அடித்தேன்.

டிசம்பர் 12

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டார். எலுமிச்சை அளவு என்றேன். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினார். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“அந்தச் சாக்பீஸ எதுக்குத் தொட்டி மேல வச்சிட்டுப் போன?”

“எறும்பு வரும்லா, அதுக்குத்தான்.”

மறுமுனையில் தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் அதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

“மீனெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றார், கடைசியில்.

“தெரியும் அத்தான்” என்றேன். “நான் கோடு போடலைல்லா.”